பறக்காத பெட்டியின் கனம்

தமிழருக்கும் மராட்டியருக்கும் பொதுவான சொற்களில் பெட்டியும் ஒன்று. மராட்டியில் முதலெழுத்தைக் கொஞ்சம் நீட்டி 'பேட்டி' என்பார்கள். பத்திரிகைக்காரன் காதில் அது வேறு மாதிரி விழும் என்பது தனி விஷயம். புனே வீடுகளில் இந்தச் சொல்லுக்கு ஆர்மோனியம் என்றும் பொருள் உண்டு. மும்பைப் பேச்சு வழக்கில் ஒரு லட்ச ரூபாய். தமிழக அரசியலில் பெட்டி கைமாறியது என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இந்த வாரம் சொல்ல வந்த பெட்டியில் பணமும் இல்லை, இசையும் இல்லை. ரேடியோ கன்ட்ரோலில் மாதிரி விமானம் பறக்கவிடுபவர்கள் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் பெட்டி அது. ஸ்க்ரூடிரைவர், பசை, உபரி ப்ரொப்பெல்லர், ரப்பர் பாண்டு, டிரான்ஸ்மிட்டர் எல்லாம் அதற்குள் அடக்கம். அகராதிக்காரர்கள் 'களப்பெட்டி' என்று பெயர் வைக்கலாம்; யாரும் அப்படிக் கூப்பிடப் போவதில்லை. குணத்தில் இது நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குச் சொந்தம். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது கடுகு எந்த அறையில் என்று தேடக் கூடாது. காற்று அடங்கி வானம் தோதாக இருக்கும் பத்து நிமிடத்தில் ஆலன் கீ எங்கே என்றும் தேடக் கூடாது.

விமானத்தின் எடையைப் பற்றி இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பால்சா மரத்தில் எது லேசான பலகை என்று கையில் ஏந்திப் பார்த்துத்தான் வாங்குவார்கள். வாலில் ஐந்து கிராம் கூடினால் முகம் வாடும். அதே மனிதர்கள், அந்த ஒரு கிலோ விமானத்துக்குத் துணையாக ஒன்பது கிலோ பெட்டியைத் தோள் சாயச் சுமந்து வருவார்கள். பெட்டி பறக்கப் போவதில்லையே, அது எவ்வளவு கனத்தால் என்ன என்பது நினைப்பு.

என்ன என்பதற்கு புனேயில் பதில் உண்டு.

இந்த ஊருக்கும் வானத்துக்கும் பழைய சம்பந்தம். லோகேகாவில் விமானப் படைத் தளம். பயணிகள் விமானமும் அதே ஓடுபாதையில்தான் இறங்குகிறது. ஹடப்சரில் கிளைடர் பயிற்சி மையம். மேற்கே காம்ஷேத் குன்றுகளில் பாராகிளைடிங். ஊரில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கோ மாதிரி விமானம் செய்வது பயிற்சியிலேயே ஒரு பாடம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் தோளில் இறக்கையும் கையில் பெட்டியுமாகக் கிளம்புகிறவர்களைப் பார்த்து புனேக்காரர்கள் ஆச்சரியப்படுவதில்லை.

ஆனால் கிளம்பி எங்கே போவது? ஊர் பெருத்துவிட்டது. நேற்றைய கரும்புக் காடு இன்று பன்னிரண்டு மாடி. சட்டமும் தன் பங்குக்குக் கோடு கிழித்திருக்கிறது. 2021-ல் வந்த ட்ரோன் விதிகளின்படி 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி விமானம் கண் பார்வைக்குள்தான் பறக்க வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள வட்டத்தில் அது 200 அடியாகக் குறைகிறது. அதற்கும் நெருங்கினால் முன் அனுமதி இல்லாமல் நடக்காது. லோகேகாவை மையமாக வைத்து 12 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். நகரத்தின் பெரும்பகுதி அதற்குள் விழுந்துவிடும். எது பச்சை, எது மஞ்சள், எது சிவப்பு என்று அரசே வரைபடம் போட்டு இணையத்தில் வைத்திருக்கிறது. கிளம்புமுன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. ராணுவ நிலையங்கள் நிறைந்த ஊர் இது.

ஆக, மைதானம் வருடத்துக்கு வருடம் தள்ளிப் போகிறது. கடைசியில் கிடைப்பது ஊருக்கு வெளியே அறுவடை முடிந்த ஒரு வயல், அல்லது ஏரி வற்றிய கரை. அதுவரை தார் ரோடு போகாது. பாதை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நடக்க வேண்டும். வண்டி என்றால் பெரும்பாலும் ஸ்கூட்டர். புனே இரு சக்கர வாகனங்களின் ஊர். பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் விமானம், முன்னால் கால் வைக்கும் இடத்தில் பெட்டி. ஒன்பது கிலோவை இப்படிக் கொண்டுபோய், பிறகு வரப்பில் அரை கிலோமீட்டர் தூக்கி நடந்தவர், டிரான்ஸ்மிட்டரைக் கையில் எடுக்கும்போது விரல்கள் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த விரல்கள்தான் இன்னும் ஐந்து நிமிடத்தில் விமானத்தை இறக்க வேண்டும்.

பெட்டி ஏன் இவ்வளவு கனத்தது என்பதற்கு நியாயமான வரலாறு இருக்கிறது. சின்ன எஞ்சின்கள் மெத்தனாலில் ஓடிய காலம். எரிபொருளோடு வழவழப்புக்காக ஆமணக்கு எண்ணெய் கலப்பார்கள். நம் வீட்டில் குழந்தைக்கு வயிறு சுத்தம் செய்யக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். எஞ்சினைக் கிளப்ப ஒரு மின்சார ஸ்டார்ட்டர். அது கிட்டத்தட்ட ஒரு கிலோ. அதை ஓட்ட 12 வோல்ட் ஈய பேட்டரி. இரண்டு கிலோவுக்குக் குறையாது. எரிபொருள் கேன் ஒரு கிலோ. பிளக்கைச் சூடாக்க 1.5 வோல்ட் செல், எரிபொருளை ஏற்ற பம்பு, வழிந்த எண்ணெயைத் துடைக்கத் துணி. இத்தனையும் தாங்க 12 மி.மீ. பிளைவுட்டில் தச்சர் கையால் ஒரு பெட்டி. அதுவே மூன்று கிலோ. எல்லாம் தேவையாகத்தான் இருந்தது.

அந்தப் பெட்டிகளில் இன்னொரு சாமானும் இருந்தது. துணி உலர்த்தும் கிளிப். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால், ஏற்கனவே மேலே இருக்கும் விமானம் தலைகீழாக வந்து விழும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, அலைவரிசை எண் எழுதிய கிளிப்பை அதில் மாட்டுவது வழக்கம். உங்கள் எண்ணில் வேறொருவர் கிளிப் இருந்தால் அவர் இறக்கும்வரை நீங்கள் கை கட்டி நிற்க வேண்டும். ஒரு ரூபாய் கிளிப் பல ஆயிரம் ரூபாய் விமானங்களைக் காப்பாற்றியது. 2.4 கிகா ஹெர்ட்ஸ் கருவிகள் வந்தபின் இந்தக் கவலை ஒழிந்தது. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் தங்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொள்கின்றன. இந்தியாவில் அந்த அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த உரிமம் வேண்டாம் என்று 2005-ல் அறிவித்தார்கள். எஞ்சினுக்குப் பதில் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்தன. ஸ்டார்ட்டர், எரிபொருள், பம்பு, பிளக், கிளிப் எல்லாம் ஓய்வு பெற்றன.

பெட்டி மட்டும் ஓய்வு பெறவில்லை. காலியான இடத்தில் வேறு சாமான்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. வீடு பெரிதானால் தட்டுமுட்டு கூடுவது போலத்தான்.

லேசான பெட்டி செய்வது கஷ்டமில்லை. கணக்கைப் பாருங்கள். 45 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலம், பக்கங்கள் 18 செ.மீ., இரண்டு முனைகள் 25 செ.மீ. உயரம். உள்ளே தடுப்புகளையும் சேர்த்தால் சுமார் 0.45 சதுர மீட்டர் பலகை. 12 மி.மீ. பிளைவுட்டில் அது மூன்று கிலோவைத் தாண்டும். 4 மி.மீ. போதும் என்று முடிவு செய்தால் ஒரு கிலோ. ஓரத்தில் இரண்டரை செ.மீ. விட்டுவிட்டு நடுவில் வட்ட ஓட்டைகள் போட்டுக் கால் பங்கு மரத்தை எடுத்துவிட்டால் எண்ணூறு கிராம். விமான இறக்கையின் குறுக்குச் சட்டங்களில் ஓட்டை போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். பலகையின் பலம் பெரும்பாலும் ஓரத்திலும் மூலையிலும் இருக்கிறது. நடுவில் இருப்பது பாதிக்கு மேல் சும்மா இருக்கும் மரம்.

இன்னும் குறைக்க வேண்டுமா? விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படுத்தும் சன்பேக் ஷீட் இருக்கிறது. அட்டைப்பெட்டி போல உள்ளே வரிவரியாக இருக்கும் பிளாஸ்டிக். 4 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு முக்கால் கிலோ அளவில் நிற்கும். பெட்டிக்கு முன்னூற்றைம்பது கிராம் ஆகும். கைப்பிடிக்கும் அடிப்பாகத்துக்கும் மட்டும் மரம் வைத்தால் அரைக் கிலோவுக்குள் முடியும். மழையில் ஊறாது. தேர்தல் முடிந்தால் இலவசமாகக்கூடக் கிடைக்கும்.

பிளைவுட்டுக்கு பவானி பேட்டில் டிம்பர் மார்க்கெட். கீல், கொக்கி, அலுமினியக் குழாய்க்கு ரவிவார் பேட்டின் போரி ஆளி. எதற்கும் அவசரமில்லை என்பவர்கள் புதன், ஞாயிறுகளில் கூடும் ஜூனா பஜாரில் ஒரு சுற்று வரலாம். அங்கே போன வேலை தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். எந்தக் கடைக்குப் போகுமுன்னும் உங்கள் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன அளவெல்லாம் அந்த அளவுக்குக் கட்டுப்பட்டது.

மூலைகளை வெறுமனே ஒட்டினால் நிற்காது. பலகையின் விளிம்பில் பல் வெட்டி, பல்லோடு பல்லைக் கோத்து ஃபெவிகால் போட வேண்டும். உள் மூலையில் சின்ன முக்கோணச் சட்டம் ஒன்று ஒட்டினால் ஆணியே வேண்டாம். ஆணியும் எடைதான். ஒரு நாள் முழுக்க காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் இரண்டு முறை. நான்கு மாத மழைக்காலத்தில் பெட்டி பரணில் கிடக்கும்போது ஈரம் இறங்காமலிருக்க இது அவசியம். முனைகளின் மேல்பக்கத்தை 'வி' மாதிரி வெட்டி, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமை அதில் ஒட்டிவிட்டால் விமானம் உட்காரத் தொட்டில் தயார். தரையில் மண்டியிடாமல் வேலை பார்க்கலாம்.

கைப்பிடியை மட்டும் கடைசியில் பொருத்துங்கள். சாமான்களையெல்லாம் அதனதன் இடத்தில் வைத்து, பெட்டியைக் கயிற்றில் தூக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் பிடித்தால் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிறதோ அதற்கு நேர் மேலே கைப்பிடி. விமானத்துக்கு ஈர்ப்பு மையம் பார்ப்பவர்கள் பெட்டிக்குப் பார்ப்பதில்லை. சமநிலை தவறிய மூன்று கிலோ, நேராக நிற்கும் ஐந்து கிலோவைவிடக் கையை அதிகம் வலிக்க வைக்கும். காவடி எடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இத்தனை செய்தும் மிச்சமாவது இரண்டரைக் கிலோதான். அசல் எடை பெட்டிக்குள் இருக்கிறது. எதை எடுத்துப் போவது என்பதற்கு ஒரே கேள்வி போதும். இது இல்லாவிட்டால் இன்று பறக்க முடியாமல் போகுமா? அல்லது யாருக்காவது ஆபத்து வருமா? இரண்டுக்கும் இல்லை என்றால் அது வீட்டில் இருக்கட்டும்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் முழு ஸ்பானர் செட் வெளியே போய்விடும். உங்கள் விமானத்தில் இருக்கும் திருகுகளுக்கு 1.5, 2, 2.5 மி.மீ. ஆலன் கீ மூன்றும், ஒரு நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரும் போதும். சால்டரிங் இரும்பு வேண்டாம். வயலில் பிளக் பாயிண்டுக்கு எங்கே போவது? சார்ஜரும் வேண்டாம்; நான்கு பேட்டரிகளை வீட்டிலேயே ஏற்றிக்கொண்டால் ஒரு காலைக்குப் போதும். உபரி ப்ரொப்பெல்லர் இரண்டு, அதன் நட்டு, ரப்பர் பாண்டு, ஃபைபர் டேப், சின்ன இடுக்கி. ஃபெவிக்விக் ஒரு குப்பி. ஆனால் தெர்மகோல் விமானத்தில் அதைத் தொடாதீர்கள், தின்றுவிடும். அதற்கு வெள்ளைப் பசை. எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ. டிரான்ஸ்மிட்டர் இன்னொரு முக்கால் கிலோ. பெட்டியோடு சேர்த்து இரண்டு கிலோ சொச்சத்தில் நிற்கும்.

இந்த இடத்தில்தான் எச்சரிக்கை தேவை. எடை குறைக்கும் வெறி ஏறியவர்கள் முதலில் தூக்கி எறிவது முதலுதவிச் சாமான்களை. 'இதுவரை ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லையே' என்பார்கள். தேவைப்படாத சாமானுக்கும் தேவையில்லாத சாமானுக்கும் வித்தியாசம் உண்டு. இந்த விளையாட்டில் அதிகம் அடிபடுவது விரல், அடிப்பது ப்ரொப்பெல்லர். பழைய எஞ்சினாவது விரல் பட்டதும் பெரும்பாலும் நின்றுவிடும். மின்சார மோட்டார் நிற்காது. தடுத்தால் இன்னும் பலமாகச் சுற்றப் பார்க்கும். துணிப்பட்டை, பஞ்சு, கிருமிநாசினி, ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் ஆகியவை எந்தக் கணக்கிலும் கழிபடக் கூடாது. டிரான்ஸ்மிட்டரை முதலில் போடுவது, கடைசியில் அணைப்பது. பறக்கும் இடத்துக்கு வந்த பிறகே விமானத்தில் பேட்டரியைச் செருகுவது. மேஜை மேல் வைத்து வேலை செய்யும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுவது. இந்தப் பழக்கங்களுக்கு எடையே இல்லை.

லித்தியம் பேட்டரிக்குப் பெட்டியில் இடம் கொடுக்காதீர்கள். அதற்குத் தனி வீடு வேண்டும். மூன்று செல், 2200 மில்லி ஆம்பியர் பேட்டரி ஒன்று 180 கிராம் சுமார். கைக்கடக்கமான சாமான், ஆனால் கீழே விழுந்து நசுங்கினாலோ, அளவுக்கு மீறி ஏற்றினாலோ தீப்பிடிக்கும். வாய் இறுக மூடாத ஒரு தகர டப்பாவோ, இதற்கென்றே விற்கும் தீ தாங்கும் பையோ வேண்டும். ஆலன் கீயும் பேட்டரியும் ஒரே அறையில் உருண்டால் முனைகள் தொட்டுக்கொள்ளும். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உப்பிய பேட்டரியை இன்னொரு தடவை பார்ப்போம் என்று ஏற்றக் கூடாது. புனேயில் ஏப்ரல் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். பூட்டிய காருக்குள் அதற்கும் மேல். அங்கே விட்டுப் போகக் கூடாது. பறக்காத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருந்தால் நீண்ட நாள் உழைக்கும். மைதானத்தில் உலர்ந்த மணல் ஒரு பை இருக்கட்டும். அதை வீட்டிலிருந்து சுமக்க வேண்டாம். காலிப் பை போதும், மணல் அங்கேயே கிடைக்கும்.

பெரியவர்களின் விளையாட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர், வயது 77, பார்வை ஏறக்குறைய போய்விட்டவர், பால்சா மரத்தில் செய்த மாதிரி விமானத்தை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு அட்லாண்டிக் மேல் அனுப்பினார். ஏறத்தாழ 39 மணி நேரம், 3,000 கிலோமீட்டருக்கு மேல். எரிபொருளையும் சேர்த்து 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இறங்கியபோது டாங்கில் மிச்சம் இருந்தது மிகச் சொற்பம். தேவையில்லாத ஒவ்வொரு கிராமும் கடலில் இறங்க வேண்டிய தூரம் என்பதை அவர் அறிந்திருந்தார். நம் பக்கத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' மாணவர் அணி, நடிகர் அஜித்குமாரை ஆலோசகராக வைத்துக்கொண்டு, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அஜித்துக்கும் இந்த வித்தை மாதிரி விமானப் பொழுதுபோக்கில் ஊறியதுதான். வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கும் சிறுவர்களில் யார் நாளைக்கு அந்த வரிசையில் நிற்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் வேடிக்கை பார்க்க ஒரு மைதானம் மிஞ்ச வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மைதானம் மிஞ்சுவதும் இந்தப் பெட்டியைப் பொறுத்தது என்பது கடைசியாகச் சொல்ல வேண்டியது. அந்த வயல் யாரோ ஒரு விவசாயியுடையது. பயிர் இல்லாத மாதங்களில், போனால் போகட்டும் என்று அனுமதிக்கிறார். ஒரு ஞாயிறு விமானம் மூக்கைக் குத்தி நொறுங்குகிறது. தெர்மகோல் துண்டு, நைலான் ப்ரொப்பெல்லரின் சில்லு, திருகு, அறுந்த ரப்பர் பாண்டு எல்லாம் உழவு மண்ணில் சிதறுகின்றன. துக்கத்தில் இருப்பவர் பெரிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மறுநாள் அங்கே மேயும் மாட்டுக்குத் தெர்மகோலும் தீனியும் ஒன்றுதான். அடுத்த ஞாயிறு வரப்பில் முள்வேலி இருக்கும். எந்த விதியிலும் இல்லாத, எந்த வரைபடத்திலும் வராத சிவப்பு மண்டலம் அது.

ஆகவே பெட்டியில் ஒரு அறையைக் காலியாக விடுங்கள். மடித்த சாக்குப்பை ஒன்று அதில் இருந்தால் போதும். கீழே விழுந்ததையெல்லாம், நம்முடையது இல்லாத தேநீர்க் குவளைகளையும் சேர்த்து, பொறுக்கி அதில் போட்டுக்கொண்டு வாருங்கள். அன்றைக்குப் பெட்டி, போனதைவிடச் சற்றுக் கூடுதல் கனத்தோடு திரும்பும். மற்ற கனத்தையெல்லாம் குறைத்தது இதற்கு இடம் வைக்கத்தான்.